ஏழு ஏசி ஓடிய வீடு

மார்ச் 3, 2025 – திங்கள்

இன்று மூன்று வீடு. மூன்றிலும் ஒரே முறைப்பாடு: ஏசி ஓடுகிறது, குளிர் வரவில்லை. காரணமும் ஒன்றுதான். ஃபில்டரைக் கழற்றி ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். மூடியைத் திறந்ததும் கம்பளித் துண்டு மாதிரி தூசி கையில் விழுந்தது. பதுளைக்காரர்கள் ஏசியைச் சுவரில் மாட்டிய பிறகு சாமி படத்தைப் போல அண்ணாந்து பார்ப்பதோடு சரி. தொடுவதில்லை.

வெளியே இருக்கிற யூனிட்டை என் முதலாளி ஜஸீல் நானா கழுவுவார். அறைக்குள் இருப்பது என் பொறுப்பு. படுக்கையறைக்குள் ஆம்பிளைகள் வருவதைச் சில வீடுகளில் விரும்ப மாட்டார்கள். அதற்காகத்தான், அவர் மனைவி ஷம்ரா சொல்லி, ஐந்து வருடத்துக்கு முன் என்னை வேலைக்குச் சேர்த்தார். "குவைத்ல ஏசி வீட்டுல இருந்த பொம்பள. தூசியப் பாத்து மொகம் சுளிக்க மாட்டா" என்றாராம் ஷம்ரா.

தூசியைப் பார்த்தால் எனக்கு முகம் சுளிக்காது. வேறொன்று வரும். குவைத்தில் நான் வேலை செய்த வீட்டில் ஏழு ஏசி. வியாழக்கிழமை தோறும் ஏழு ஃபில்டரையும் குளியல் தொட்டியில் அடுக்கி, நானும் வீட்டுக் குழந்தை ஸைனப்பும் கழுவுவோம். பாலைவனத் தூசி கரைந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடும். மூன்று வயதில் அவள் அதைப் பார்த்துக் கை தட்டுவாள் – "நீரா, ஷாய்! ஷாய்!" நிரஞ்சலா என்று சொல்ல வராது, அதனால் நீரா. தேத்தண்ணி ஓடுகிறதாம்.

அந்த வீட்டை நினைத்து எனக்கு ஏக்கமாக இருக்கிறது. வேலைக்காரியாக இருந்த வீடு. இதை யாரிடம் போய்ச் சொல்வது? அங்கே இருந்தபோதும் தமிழில் பேச ஆளில்லாமல்தான் எழுதப் பழகினேன். இங்கே ஊர் முழுக்கத் தமிழ். இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.


மார்ச் 9 – ஞாயிறு

என் வீட்டுக்காரர் மடுல்சீமையிலிருந்து வந்தார். தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. ஞாயிறு மட்டும்தான் வீடு. சட்டையில் இன்னும் அந்தப் பச்சை வாசனை.

சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு, துவாயைத் தேடுவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"துஷா, பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்கே போறாளாம்."

அக்கா என்றால் இவருடைய அக்கா, வேலாயி மதினி. எங்கள் மகள் துஷாந்தினிக்கு ஆறு வயதாக இருக்கும்போது நான் விமானம் ஏறினேன். திரும்பி வரும்போது அவளுக்குப் பதினேழு. இடையில் இருந்த பதினொரு வருடமும் மடுல்சீமைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்துக் காம்பராவில், மதினிதான் வளர்த்தார். பேன் பார்த்தது, பெரியவளானபோது தண்ணீர் ஊற்றியது, எல்லாம் அவர்தான். நான் அனுப்பியதெல்லாம் போர்வையும் பால்மாவும் சப்பாத்தும்.

முதல் பிரசவம் தாய் வீட்டில். அவளுக்கு எது தாய் வீடு என்று அவள் சொல்லிவிட்டாள். அதில் பொய் இல்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நான் என்னத்த சொல்ல" என்றார் இவர். தயாபரன் என்று பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். யாரையும் நோகடிக்கத் தெரியாது. அதனாலேயே எல்லோரும் நோகிறோம்.


மார்ச் 18

சந்திரகாந்தி அம்மா வீட்டில் பழைய ஏசியை எடுத்துவிட்டுப் புதிது மாட்டினோம். பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கும் ராமநாதன் ஐயாவின் மனைவி. பழையதற்குப் பதினைந்து வயது. வெளி யூனிட்டின் கால் துருப்பிடித்திருந்தது. மற்றபடி சத்தமில்லாத, நல்ல இயந்திரம்.

கழற்றுவதற்கு முன்னால் ஓடவிட்டு, கேஸ் முழுவதையும் வெளி யூனிட்டுக்குள் இழுத்து வால்வை மூட வேண்டும். இல்லாவிட்டால் அத்தனையும் காற்றோடு போய்விடும். இந்த ரகக் கேஸ் இப்போது லேசில் கிடைப்பதில்லை. ஜஸீல் நானா காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வால்வுத் திறப்பைத் திருகினார். ஒரு மூச்சு கூட வெளியே போகவில்லை.

"இத வீசத்தான் போறாங்க. நல்லா கழுவி, கப்பாசிட்டர் ஒண்ணு மாத்துனா இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓடும். நீங்க எடுத்துக்கங்களேன்" என்றார்.

"எனக்கெதுக்கு நானா ஏசி?"

"கொங்கிரீட் தட்டுக்குக் கீழ இருக்கீங்க. ஏப்ரல்ல வெந்துபோயிருவீங்க."

வேன் பின்னால் ஏற்றி வைத்துவிட்டார். வீட்டுக் கொல்லையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.


மார்ச் 27

துஷாந்தினிக்கு கிளினிக்கில் பிரஷர் கூடுதலாம். மடுல்சீமைப் பக்கம் போகவே வேண்டாம், அந்த ரோட்டில் அவசரத்துக்கு வந்து சேர முடியாது, பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கச் சொல்லியிருக்கிறார் நர்ஸ் மிஸ்ஸி. அவள் கணவன் ரஜீவ் கொழும்பில், ஹோட்டல் வேலை. அவர்களுடைய ஹாலிஎல வீட்டில் தனியாக இருக்க முடியாது.

அதனால் இங்கே வருகிறாள்.

வரவேண்டியிருப்பதால் வருகிறாள். தெரியும். இருந்தாலும் இரண்டு தடவை வீடு கூட்டினேன்.


ஏப்ரல் 2

ஏசி மாட்டியாகிவிட்டது. ஜஸீல் நானா சுவரைத் துளைத்துக் குழாய் விட்டார். உள்ளே இருப்பதை நானே பிரித்து, ஒவ்வொரு தகட்டையும் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன்.

பிறகு குளிர் கசியாமல் அறையை அடைத்தேன். ஜன்னல் இடுக்குகளுக்கு ஸ்பொஞ்சுப் பட்டை. கதவுக்கு மேலே இருந்த காற்றுக் கம்பிக்கு ரிஜிஃபோம் அட்டை வெட்டி வைத்துச் சுற்றிலும் டேப். கதவுக்கு அடியில் ரப்பர். குவைத்தில் மணல் காற்று அடிக்கும் மாதங்களில் இப்படித்தான் செய்வோம். வேலை முடிந்து ஏசியைப் போட்டுவிட்டு நடுவில் நின்றேன். வெளியே ரோட்டுச் சத்தம் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த மெல்லிய இரைச்சல் மட்டும்.

கண்ணை மூடினால் அந்த வீட்டு மாடி. ஸைனப் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டிருக்கிறாள். கால் வெளியே தெரியும், நான் காணாதது போல மற்ற அறையெல்லாம் தேடுவேன்.


ஏப்ரல் 5

வந்தாள். வயிறு நன்றாக இறங்கியிருக்கிறது. கால் வீக்கம். அறையைக் காட்டினேன்.

"ஏசியா? எனக்கு எதுக்குங்க இதெல்லாம். நான் ஹால்லயே படுத்துக்கிறேன்."

"வெக்கை தாங்காது துஷா."

"மடுல்சீமையில வளந்தவ நான். பழக்கமில்லாத குளிர் ஒத்துக்காது."

அந்த மலைக் குளிரில் வளர்ந்தவளுக்குக் குளிர் பழக்கமில்லையாம். பாயும் ஃபேனும் ஹாலில். அறை காலியாக இருக்கிறது.


ஏப்ரல் 7

வெக்கை. ஃபேன் சூடான காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அனுப்புகிறது. காலையில் பார்த்தால் பாயில் அவள் உடம்பின் ஈர அச்சு.


ஏப்ரல் 11 – வெள்ளி

இன்று ஸைனப் கூப்பிட்டாள். இப்போது அவளுக்குப் பதினேழு. மாதத்துக்கு ஒரு தடவை எடுப்பாள். அவள் அறையில் ஏசியை மாற்றிவிட்டார்களாம். புதியது சத்தமே போடுவதில்லையாம், தூக்கம் வரவில்லையாம். "பழையது எப்படிக் கத்தும் நீரா, ஞாபகமிருக்கா?" என்று கேட்டாள். இருக்காதா? தொண்டைக்குள் அதே மாதிரி 'ட்ர்ர்ர்ர்' என்று இரைந்து காட்டி, கடைசியில் அது நிற்கும்போது வரும் அந்த விக்கலையும் போட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்.

வைக்கும்போது எப்போதும் சொல்வதைச் சொன்னேன். "யா உம்ரி."

திரும்பினால் வாசற்படியில் துஷாந்தினி.

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"எது?"

"கடைசியா சொன்னீங்களே. அது."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. "என் ஆயுசேன்னு..." என்றேன்.

குரலில் கோபம் கூட இல்லை, அதுதான் குத்தியது. "எனக்கு எப்பவாச்சும் அப்பிடிச் சொல்லியிருக்கீங்களா? அரபுல வேணாம். தமிழ்ல?"

போய்ப் படுத்துவிட்டாள்.

சொன்னதில்லை. தமிழில் அந்த மாதிரி வார்த்தை என் வாயில் வராது. என் அம்மா எனக்குச் சொன்னதில்லை, நான் இவளுக்குச் சொன்னதில்லை. அந்த வீட்டில் அந்த மொழியில் அது தினமும் சொல்கிற வார்த்தை. பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்வது. அப்படிப் பழகிவிட்டது – இதையெல்லாம் அவளிடம் எப்படி விளக்க? விளக்கினால் சரியாகிவிடுமா? அந்தக் குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் கை இவளைத்தான் தேடியது என்று சொன்னால் நம்புவாளா? முதல் இரண்டு வருடம் அப்படித்தான். அப்புறம் – அப்புறம் இல்லை. அப்புறம் அது ஸைனப்தான். எழுதும்போதாவது உண்மையைச் சொல்ல வேண்டும்.


ஏப்ரல் 14

புது வருடம். பொங்கல் வைத்தேன். இவர் வந்து, சாப்பிட்டு, போனார்.


ஏப்ரல் 16

மத்தியானம் வேலை முடிந்து வந்தபோது ஹாலில் பாய் இல்லை. அறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே அந்த மெல்லிய இரைச்சல். கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது.

எழும்பி வந்ததும் "ஃபேன்ல ஏதோ சத்தம் வருது, அதான்" என்றாள்.

"சரி, பாக்குறேன்" என்றேன். ஃபேனில் ஒரு சத்தமும் இல்லை.


மே 2 – வெள்ளி

பெண் குழந்தை. காலை ஒன்பதே கால். இரண்டு பேரும் சுகம்.

நெற்றியில் துஷாவுக்கு இருந்த அதே மயிர்ச்சுழி.


மே 6

வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வேலாயி மதினியும் வந்துவிட்டார். மடுல்சீமை பஸ்ஸிலிருந்து ஒரு பை துணி, ஒரு கம்பளி, ஒரு மூட்டை கரியோடு இறங்கினார். துஷாந்தினி அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்த விதம் – நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

மதினி அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக ஏசியை நிறுத்தினார்.

"என்னடி இது, பச்சப் புள்ளய ஐஸ்பெட்டிக்குள்ள போட்டு வச்சிருக்கீங்க?"

"இருபத்தேழுலதான் மதினி வச்சிருக்கு. காத்து புள்ள மேல படாம மேல திருப்பி விட்டிருக்கேன். அங்க ஸைனப்புக்கும் மூணு மாசத்துல இருந்தே –"

அந்தப் பெயரை ஏன் இழுத்தேன்? துஷாந்தினி சுவர் பக்கம் திரும்பிவிட்டாள்.

"அத்தை சொல்றபடி செய்ங்க" என்றாள் சுவரைப் பார்த்துக்கொண்டே.

கடைசியில் ஓர் ஏற்பாடு. மத்தியான வெக்கைக்கு மட்டும் ஏசி. குளிக்க வார்த்தபின் அது கூடாது.


மே 12

மதினி குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்க்கிறார். ஐம்பத்தெட்டு வயதில் அந்தக் கையில் என்ன உறுதி. குழந்தை அழாமல் அவர் முகத்தையே பார்க்கிறது. இப்படித்தானே துஷாவுக்கும் தேய்த்திருப்பார் என்று நினைத்தேன். பொறாமையோடு ஆரம்பித்து வேறெங்கோ போய் முடிந்தது அந்த நினைப்பு. நன்றி என்று எழுதலாமா தெரியவில்லை.


மே 20 – செவ்வாய்

நேற்று நடந்ததை எழுத வேண்டும். கிடைத்த தாளை மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக வருகிறது.

நேற்று மூன்று மணிக்கு இடியோடு மழை பிடித்தது. இடிமழையில் கூரைமேல் ஏறி வெளி யூனிட் கழுவ முடியாது, வேலையை நிறுத்திவிட்டோம். ஜஸீல் நானா என்னைச் சந்தியில் இறக்கிவிட்டு, மழை விடட்டும் என்று வேனிலேயே நின்றார். மழை பெய்யாமல் இருந்திருந்தால் நான் ஆறு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்திருப்பேன். அதை நினைக்கவே கூடாது.

வீட்டில் கரண்ட் இல்லை. மதினி சமையலறையில் பிள்ளை பெற்றவளுக்கான மருந்துக் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தார்.

"தாயும் புள்ளயும் குளிச்சிட்டு நல்லா தூங்குறாங்க. குளிர் ஏறுது பாரு, இன்னைக்குத்தான் மொதல்ல கணப்பு போட்டு விட்டுருக்கேன்" என்றார்.

கணப்பு. கரிச்சட்டி. அந்த அறையில்.

எனக்குத் தெரியும். குவைத்தில் மேடம் சாம்பிராணிக்கு ஒரு துண்டு கரி பற்ற வைத்தாலும் ஜன்னலைத் திற, ஜன்னலைத் திற என்று கத்துவார். குளிர்காலத்தில் கூடாரத்துக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் எழும்பாமலே போனதை எத்தனை தடவை சொல்லியிருப்பார். எனக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியும்.

கதவைத் தள்ளினேன். ரப்பர் பட்டை இழுத்துக்கொண்டு மெதுவாகத் திறந்தது. அறையில் புகை கூட இல்லை. மூலையில் கரி சிவப்பாக, அழகாக எரிந்துகொண்டிருந்தது. துஷாந்தினி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். "துஷா!" – முனகினாள், கண் திறக்கவில்லை. குழந்தையைத் தூக்கினேன். துணிப் பொம்மை மாதிரி கழுத்து தொங்கியது. அழவில்லை.

என்ன கத்தினேன் என்று தெரியாது. ஒரு கையால் ஜன்னலைத் திறக்கப் பார்த்தேன். நான் ஒட்டிய ஸ்பொஞ்சு பிடித்துக்கொண்டு வரவில்லை. விட்டுவிட்டுக் குழந்தையோடு மழைக்குள் ஓடினேன். திரும்பிப் பார்த்தால், மதினி துஷாந்தினியின் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து, வாசல்வரை இழுத்துக்கொண்டு வருகிறார். அந்த ஒல்லி உடம்பு. எப்படி இழுத்தாரோ.

ஜஸீல் நானா என் சத்தம் கேட்டு வேனை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். ஏணியையும் பம்பையும் ரோட்டோரம் தூக்கிப் போட்டுவிட்டு எங்களை ஏற்றினார். குழந்தையின் முகத்தில் மழைத்துளி. வாயில் வாயை வைத்து ஊதினேன், சரியா பிழையா தெரியாது. ஆஸ்பத்திரி வாசல் மேட்டில் வேன் ஏறும்போது ஒரு விக்கல். பிறகு அழுதாள். ஐயோ, அந்த அழுகை.

இரண்டு பேருக்கும் ஒட்சிசன் வைத்திருக்கிறார்கள். தப்பிவிட்டார்கள் என்றார் டொக்டர் அம்மா. "இன்னும் அரை மணித்தியாலம் போயிருந்தா..." என்று ஆரம்பித்தவர், எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.


மே 21

மதினி ஆஸ்பத்திரி பெஞ்சில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறார். "என் கையாலயே கொல்லப் பாத்தேனே. லயத்துல முப்பது வருசமா வச்ச நெருப்புதானே. அங்க எந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு?"

அங்கே ஒன்றும் ஆகாது. லயத்துக் காம்பராவில் கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே கை போகும் இடைவெளி. புகையும் நஞ்சும் அதன்வழியே போய்விடும். இங்கே அதை அடைத்தது யார்?

துஷாந்தினிக்கு இன்று முழு நினைவு. தலைவலி மட்டும்தான். கட்டில் பக்கத்தில் நின்று சொன்னேன். நேற்று முழுக்க மனதில் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை.

"நெருப்ப வச்சது அத்தை. ஓட்டைய அடைச்சது நான். மூடுன ரூம்ல கரி வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். அத்தைக்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. அந்தக் கரி மூட்ட வந்த அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொன்னா, குவைத்துப் பெரும பேசுறேன்னு நீ நெனப்பன்னு... வாய மூடிக்கிட்டேன். என்னயத் திட்டு. அவங்கள ஒண்ணும் சொல்லாத."

அவள் கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பாப்பாவ யாரு தூக்கிட்டு ஓடுனது?"

"நான்."

"என்னய?"

"அத்தை. இழுத்துக்கிட்டு வந்தாங்க."

"ரெண்டு பேரும் மழையில நனஞ்சீங்களா?"

"ஆமா."

"துணி மாத்துனியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அதே சேலையோடு இரண்டு நாள்.

"அத்தையையும் கூட்டிக்கிட்டுப் போ. ரெண்டு பேரும் குளிச்சு, ஏதாவது சாப்பிட்டுட்டு வாங்க. இங்க மிஸ்ஸிமாரு இருக்காங்க" என்றாள்.

மதினியோடு படி இறங்கினேன். கையைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரும்வரை விடவில்லை.


மே 24

எல்லாவற்றையும் பிய்த்து எறிந்தேன். ஸ்பொஞ்சு, டேப், ரிஜிஃபோம். காற்றுக் கம்பி வழியாக ரோட்டுச் சத்தமெல்லாம் உள்ளே வருகிறது. வரட்டும்.

மதினி பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார். "நான் ஊருக்குப் போறேன் நிரஞ்சலா. இந்தப் புள்ளயத் தொட எனக்கு இனி கை வராது."

"நீங்க போனா துஷாவும் பின்னால வந்துருவா. அப்புறம் எனக்கு யாரு இருக்கா?" என்றேன். அப்படியொன்று என் வாயிலிருந்து வருமென்று நானே நினைக்கவில்லை. "பதினோரு வருஷம் என் புள்ளைக்கு நீங்கதான் இருந்தீங்க. அதுக்கு ஒரு நாளாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கேனா? இருங்க மதினி. எண்ணெய் தேய்க்க எனக்கு வராது. நான் வளத்த புள்ளைக்கு அவங்க எண்ணெயெல்லாம் தேய்க்க மாட்டாங்க."

மதினி மூக்கை உறிஞ்சினார். "எண்ணெய் தேய்க்காம எப்பிடிடி வளந்துச்சு?"

"நல்லாத்தான் வளந்துச்சு. சதை மட்டும் கெட்டியில்ல."

சிரித்துவிட்டார். பை உள்ளே போய்விட்டது.


ஜூன் 15 – ஞாயிறு

நாற்பது நாள் கழிந்துவிட்டது. இவரும் வந்திருந்தார். குழந்தையை மடியில் வைத்தபடி மூன்று மணித்தியாலம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தேயிலை மாடியில் இப்படிச் சும்மா உட்கார்ந்தால் சம்பளம் கிடைக்காது என்று மதினி கேலி.

மத்தியானம் நல்ல வெக்கை. அறையில் ஏசி போட்டு, நானும் துஷாவும் குழந்தையின் இரண்டு பக்கமும் படுத்திருந்தோம். திடீரென்று கேட்டாள்.

"அங்க இருக்கும்போது என் ஞாபகம் வருமா, இல்ல அந்தப் புள்ளயப் பாத்துக்கிட்டே மறந்துட்டியா?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"மறந்த நாளும் இருக்கு துஷா" என்றேன். "வேலை அப்பிடி. ஆனா காலையில அஞ்சு மணிக்கு நான்தான் மொதல்ல எழும்பி ஹால் ஏசியப் போடுவேன். மொத காத்து வரும் பாரு, நம்ம மடுல்சீமையில காலையில வேலைப் பெரட்டுக்குப் போறப்ப மொகத்துல அடிக்குமே, அதே குளிர். அதுக்கு நேர் கீழ கண்ண மூடிக்கிட்டு நிப்பேன். அங்க அஞ்சுன்னா இங்க ஏழரை. நீ ஸ்கூலுக்குச் சப்பாத்து மாட்டுற நேரம். வலது சப்பாத்த எடதுல மாட்டுவ. அதப் பாத்துக்கிட்டு நிப்பேன். மேடம் எழும்புற சத்தம் கேக்குறவரைக்கும்."

அவள் குழந்தையின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏழரைக்கு நான் வீட்டுல இல்லம்மா. ஆறாம் வகுப்புல இருந்து பசறை ஸ்கூல். ஆறு மணிக்கே பஸ்சு. நீ நெனக்கிறப்ப நான் வகுப்புல உக்காந்து பாதி சோத்தத் தின்னு முடிச்சிருப்பேன்."

எனக்கு அது தெரியாது. போனில் மார்க் எவ்வளவு, காய்ச்சல் விட்டதா, சாமான் வந்ததா – இவ்வளவுதானே கேட்டிருக்கிறேன். எந்த பஸ்ஸில் போகிறாய் என்று கேட்டதில்லை. இல்லாத பிள்ளை ஒன்று சப்பாத்து மாட்டுவதை எத்தனை வருடம் நின்று பார்த்திருக்கிறேன்.

"ஆறாம் வகுப்புல இருந்து வெறும் வீட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். எனக்கும் அடக்க முடியவில்லை. குழந்தை விழித்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. மதினி கதவைத் திறந்து, "என்னடி, ரெண்டு பேருக்கும் மறுபடி கரிப்புகை ஏறிருச்சா?" என்று கேட்டார். அதைச் சொல்லிச் சிரிக்கிற அளவுக்கு வந்துவிட்டோம்.

"அந்தப் புள்ள போட்டோ இருந்தா காட்டேன்" என்றாள் துஷா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. காட்டினேன். "மூக்கு நல்லா இருக்கு" என்றாள்.


ஜூலை 6

ஹாலிஎல வீட்டுக்குப் போய்விட்டார்கள். ரஜீவுக்குப் பதுளையிலேயே ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்திருக்கிறது. மதினி ஒரு மாதம் அங்கே இருப்பார். பிறகு மடுல்சீமை.

அறையைக் கூட்டி, ஃபில்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். அதில் குழந்தையின் தலைமயிர் ஒன்று ஒட்டியிருந்தது. பஞ்சு மாதிரி. எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.


ஜூலை 19

வீட்டில் பேச்சுச் சத்தமில்லை. ஏசி போடவும் தோன்றவில்லை.


ஆகஸ்ட் 21 – வியாழன்

பண்டாரவளை ரோட்டில் ஓர் இரண்டு மாடி வீடு. காற்றுக் காலம், தூசி அள்ளி வீசுகிறது. வெளி யூனிட் இரண்டு மாடிக்கு மேலே. ஜஸீல் நானாவுக்கு முழங்கால் வலி, அதனால் நான் ஏறினேன். அவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். பாதித் தகடு கழுவியிருப்பேன், போன் அடித்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு எடுத்தேன்.

"எங்கம்மா இருக்க?"

"கூரைக்குப் பக்கத்துல. என்னடி?"

"பாப்பா காலையில இருந்து வலது காதையே புடிச்சு இழுக்குறா. காய்ச்சல் இல்ல, பால் குடிக்கிறா. என்ன செய்ய?"

"அத்தைகிட்ட கேட்டியா?"

"இல்லயே. கேக்கணுமா?"

வேண்டாம் என்றேன். காதுக்குப் பின்னால் சிவந்திருக்கிறதா பார்க்கச் சொன்னேன். இல்லையாம். நாலாம் மாதத்தில் காது இருப்பதையே அப்போதுதான் கண்டுபிடிக்கும், சில பிள்ளைகள் அப்படி, காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே காட்டு என்றேன். சரி என்றாள். வைக்கவில்லை. இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டாள். அவள் கத்தரிக்காய் வைத்தாளாம், காறிப்போய்விட்டதாம். பக்கத்து வீட்டுப் பெண் கிணற்றடியில் சண்டை பிடித்ததைச் சொன்னாள். பாப்பா கவிழப் பார்ப்பதைச் சொன்னாள். ரஜீவ் ஏதோ புது உடுப்பு வாங்கி வந்து அது பாப்பாவுக்குப் பெரிதாக இருப்பதைச் சொன்னாள். நான் ஏணியின் மேல்படியில் உட்கார்ந்துகொண்டேன். காற்று அடித்தது. கழுவிய தகடு காய்ந்து, மறுபடி தூசி படிந்துவிட்டது.

இறங்கி வந்தபோது ஜஸீல் நானா இன்னும் ஏணியைப் பிடித்தபடியே நின்றார்.

"யாரு, நாப்பது நிமிஷமா?"

"மக."

"ஏதாச்சும் அவசரமா?"

"இல்ல நானா" என்றேன். "சும்மாதான்."